ஏணியா, கிளையா? மரபியலை மீண்டும் படிக்கையில்

திருவான்மியூர் என்னும் பெயரை வான்மீகி முனிவரோடு இணைத்துச் சொல்வது ஊர் மரபு. வன்மீகம் என்றால் புற்று. கறையான் எழுப்பிய புற்றுக்குள் அம்முனிவர் தவமிருந்தார் என்பது கதை. அந்தக் கறையானுக்குத் தொல்காப்பியமும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறது. அதன் மரபியல், 'சிதல்' என்னும் பெயரால் கறையானை எறும்போடு சேர்த்து மூவறிவுயிர்களின் வரிசையில் வைக்கிறது.

இப்பகுதியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமே உடையவை. நத்தையும் சிப்பியும் போன்றவற்றிற்குச் சுவையுணர்வும் உண்டு. கறையானும் எறும்பும் மோப்பத்தையும், நண்டும் தும்பியும் பார்வையையும், விலங்குகள் செவியுணர்வையும் கூடுதலாகப் பெற்றவை. மனம் என்னும் ஆறாவது அறிவு மக்களுக்கே உரியது. இதனை எடுத்துரைப்போர் இரண்டு முடிவுகளுக்கு வருவர். மேலைநாட்டாருக்கு முன்பே நாம் உயிரியலைக் கண்டுவிட்டோம் என்பது ஒன்று. படைப்பின் உச்சியில் நாமே நிற்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டையுமே சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

இன்றைய உயிரியல் ஓர் உயிருக்கு எத்தனை புலன்கள் என்று எண்ணி அதனை வகைப்படுத்துவதில்லை. அது எந்த மூதாதையிலிருந்து கிளைத்தது என்றே கேட்கிறது. அப்படிக் கேட்டால் கறையான் எறும்புக்கு நெருங்கிய உறவன்று. கறையான் கரப்பான் பூச்சியின் குடும்பம். எறும்பு, குளவிக்கும் தேனீக்கும் உறவு. திருவான்மியூர்க் குப்பத்தில் வலையில் ஏறும் கணவாயையும் எண்ணிப் பாருங்கள். நத்தையும் சிப்பியும் சேர்ந்த மெல்லுடலிக் கூட்டத்தைச் சார்ந்தது அது. ஆயினும் அதன் கண் நம் கண்ணோடு ஒப்பிடத்தக்க கூர்மை வாய்ந்தது. புலன்களை எண்ணி இடம் கொடுத்தால் அதனை அதன் சுற்றத்திலிருந்தே பிரிக்க நேரும்.

அப்படியானால் மரபியல் பயனற்றதா? அன்று. பொருளையே உற்றுநோக்கும் இடத்தில் அது வியக்க வைக்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. அதன்படி வேம்பு மரம். கடற்கரையில் ஓங்கி நிற்கும் பனையும் தென்னையும் புல்! உயரத்தைக் கண்டு மயங்காமல் தண்டை வெட்டிப் பார்த்தவர்களின் அறிவு இது. இன்றைய தாவரவியலும் பனையை அறுகம்புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே கொள்கிறது. இதனால் தொல்காப்பியர் இக்காலத் தாவரவியலை முன்னரே அறிந்திருந்தார் என்று பெருமை பேச வேண்டியதில்லை. அவர் காட்டும் கூர்ந்த நோக்கே நமக்குப் போதிய பெருமை.

உயிர்களைத் தரப்படுத்தும் ஏணி மனிதரிடம் வந்து சேரும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. ஐயறிவு வரிசையில் விலங்கோடு 'மாக்கள்' என்றும் மரபியல் சொல்கிறது. மனவுணர்வு குன்றிய மனிதரை அச்சொல் குறிப்பதாகக் கொள்வர். அதே இயலில் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்னும் நால்வகைப் பகுப்பும் வருகிறது. அதனைப் பிற்காலத்து இடைச்செருகல் எனக் கருதும் அறிஞர்கள் உண்டு. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. உயிர்களுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1758-இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் திமிங்கிலத்தை மீன்களிடமிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். அதே பதிப்பில் மனிதரை நிறத்தால் நான்காக வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் ஒட்டிவைத்தார். திமிங்கிலத்தின் உறவைக் கண்ட கண், மனிதரின் உறவைக் காணத் தவறியது.

ஆனால் மரபியல் ஏணியோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வரிசையையும் முடிக்கும்போது, அந்தக் 'கிளை'யில் பிறந்தவை இன்னும் உள்ளன என்று அது சேர்த்துச் சொல்கிறது. கிளை என்பது தமிழில் மரத்தின் கொம்பு மட்டுமன்று, சுற்றமும்கூட. 1859-இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் உள்ள ஒரே படமும் கிளைத்துச் செல்லும் கோடுகளே. அவர் கருத்தையும் மரபியலின் கருத்தையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஏணியை மட்டும் மனப்பாடம் செய்த நாம், இச்சொல்லைக் கவனியாது விட்டோம் என்பேன்.

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் முதல் மனிதன் உயிர்களுக்குப் பெயரிடுகிறான். அங்கே வரிசை எண் எதுவும் இல்லை. தனக்கு ஏற்ற துணையைத் தேடும் இடத்தில்தான் அப்பெயர்கள் பிறக்கின்றன. இனி ஒருமுறை மேடையில் ஆறறிவு பற்றிப் பேச்செழும்போது, எத்தனையாம் படியில் நிற்கிறோம் என்பதோடு, யாருக்கெல்லாம் கிளைஞர் என்பதையும் கேட்டுக்கொள்வோம். ஆறாவது அறிவுக்கு அதைவிடத் தகுந்த வேலை வேறு உண்டோ?