தீக்குண மாந்தரும் எள்ளல் நகையும்

நகைச்சுவை நாடகத்தின் தலைமகன் குறையுடையவனாயினும் நல்லுள்ளம் படைத்தவனாதல் வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. ஆயின், ஆங்கிலத் தொலைக்காட்சியில் பெரும்புகழ் எய்திய நகைச்சுவைத் தொடர்கள் சிலவற்றின் மாந்தர் தந்நலமும் பொய்யும் சிறுமையும் உடையவர்; இறுதிவரை திருந்தாதவர். இவர்களை மக்கள் ஆண்டுக்கணக்கில் விரும்பிக் காண்பது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம்மினும் தாழ்ந்தாரைக் காணுங்கால் தோன்றும் பெருமித உணர்வே நகைக்குக் காரணம் என்றார் 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலறிஞர் தாமஸ் ஹாப்ஸ். இஃது ஒருபுடையே பொருந்தும். தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. அதனைப் பேராசிரியர் இரண்டாகப் பகுப்பர். பிறரை இகழ்ந்து சிரித்தல் ஒன்று. தான் இகழப்பட்டவிடத்துத் தானே சிரித்தல் மற்றொன்று. ஹாப்ஸ் கண்டது முன்னது. இத்தொடர்கள் பின்னதையும் உடன் எழுப்புகின்றன என்பதே நம் துணிபு.

1975-இலும் 1979-இலும் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 12 பகுதிகளே உடையது. ஜான் கிளீஸ், கானி பூத் ஆகிய இருவரும் இதனை எழுதினர். இதன் தலைமகன் பேசில், டார்க்கி என்னும் கடற்கரையூரில் விடுதி நடத்துபவன். முதற்பகுதியில், பிரபு என்று கூறிக்கொண்டு வந்த ஒருவனிடம் கூழைக்கும்பிடு போடுகின்றான். எளிய தோற்றமுடைய விருந்தினனை இழித்துப் பேசுகின்றான். முன்னவன் ஏமாற்றுக்காரன்; பின்னவனோ அவனைப் பிடிக்க வந்த காவல்துறையினன். உண்மை தெரிந்து பேசில் சீறியெழ, அவன் பெரிதும் விரும்பிய மேன்மக்கள் அந்நேரம் பார்த்து வந்து, வெறுப்புற்று நீங்குகின்றனர். அவனை ஒறுப்பதற்குப் புறத்தேயிருந்து எவரும் வரவேண்டா; அவன் குற்றமே அவனை ஒறுக்கின்றது. காண்போர் சிரிக்கின்றனர். ஆனால், செல்வாக்குடையார்முன் குழைந்தும் எளியார்முன் நிமிர்ந்தும் நின்ற பொழுது எவர் வாழ்விலும் இல்லாமற் போகாது. எனவே அவ்வெள்ளல் அவர்மேலும் படுகின்றது.

அமெரிக்கத் தொடராகிய ‘சைன்ஃபெல்ட்’ (1989–1998) இந்நெறியை மேலும் கடுமையாகக் கையாண்டது. தழுவலும் கூடாது, படிப்பினையும் கூடாது என்பது அதன் ஆசிரியருள் ஒருவரான லாரி டேவிட் வகுத்த விதி. 1996-இல் வெளிவந்த ஒரு பகுதியில், ஜார்ஜ் தன் திருமண அழைப்பிற்கு மிக மலிந்த உறைகளைத் தேர்கின்றான். அவற்றின் பசையிலிருந்த நச்சால் மணமகள் இறக்கின்றாள். ஜார்ஜும் நண்பரும் சற்றே திகைத்துப் பின் காப்பி அருந்தச் செல்கின்றனர். அவலமாக வேண்டிய நிகழ்ச்சி நகையாவது யாங்ஙனம்? திருமணத்திலிருந்து தப்ப விழைந்தவனின் வெளியிடவொண்ணா ஆறுதலை நாடகம் மறையாது காட்டுகின்றது. துயர்கேட்ட அளவிலேயே தன்னலம் எண்ணும் மனத்தைத் தம்மிடத்தும் காண்பவர்க்கே அச்சிரிப்பு முழுமையாக வாய்க்கும்.

இத்தகைய நகை தீமைக்குத் துணைபோகாதோ எனின், போதலும் உண்டு. 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்னும் தொடர், ஆர்ச்சி பங்கர் என்பானின் இனவெறுப்பை எள்ளுதற்கென்றே அமைந்தது. ஆயினும், விட்மார், ரோக்கீச் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, இனவெறுப்பு மிக்கவர் அவனைப் போற்றும் பாங்கினராயிருந்ததைக் காட்டிற்று. ஆர்ச்சியிடம் தம்மைக் கண்டும் தாம் எள்ளப்படுவதை அவர் உணரவில்லை. எள்ளலின் இரண்டாம் கூறு அவர்பால் நிகழாதொழிந்தது.

இதற்கு மறுதலையான குறையைச் ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் இறுதிப் பகுதியிற் காணலாம். 1998 மே 14 அன்று வெளிவந்த அப்பகுதியில், வழிப்பறிக்கு ஆளானவனைக் கண்டு நகைத்து நின்ற நால்வரும் வழக்குமன்றத்தில் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெறுகின்றனர். காண்போர் பலர் அம்முடிவால் நிறைவெய்தவில்லை. தண்டனை கடியது என்பது காரணமன்று. அதுவரை மாந்தரோடு உடன் எள்ளப்பட்டு வந்தவர்களை நாடகம் திடீரென நடுவர் இருக்கையில் அமர்த்திவிட்டது. டேவிட் தம் பிறிதொரு தொடரின் முடிவில், 2024-இல், அவ்வழக்கு நிகழ்ச்சியையே மீண்டும் அமைத்துத் தாமே ஏற்ற தலைமகனை விடுவித்தார். படிப்பினை பெற அவன் மறுத்தலே அங்கு நகையாயிற்று.

ஆகவே, தீக்குண மாந்தர் இனிப்பது அவர் தீமையாலன்று. அவரினும் நாம் உயர்ந்தோம் என்னும் செருக்கால் மட்டுமன்று. எள்ளலின் இரு கூறுகளும் ஒருங்கு நிகழுமிடத்தே அந்நகை சிறக்கும். முதற்கூறு ஒழியின் அது தீமையைப் போற்றலாக முடியும். இரண்டாம் கூறு ஒழியின் வெறும் தீர்ப்பாகிவிடும்.