தாயுமானவரும் ஆசைக்கடலும்

தாயுமான சுவாமிகள் அருளிய 'பரிபூரணானந்தம்' என்னும் பகுதியில், ஆசையின் அளவின்மையை எடுத்தோதுந் திருப்பாட்டு அன்பர் பலரும் அறிந்ததே. மேடைதோறும் அது முழங்குகின்றது. எனினும், பேராசையைக் கடியும் நீதிப்பாட்டு என்ற அளவில் நின்றுவிடுவார் பலர். ஏழையரை 'உள்ளதுகொண்டு அமைக' எனத் தாலாட்டி உறங்குவிக்கும் பாட்டு என்று குறைகூறுவாருஞ் சிலர் உளர். இவ்விரு கூற்றும் பாட்டின் அமைப்பை நோக்காமையான் எழுந்தன என்பது எமது துணிபு.

பாட்டிற் சுட்டப்பட்டோர் மூவகையினர். மண்முழுதும் ஆண்டும் கடலின்மேலுந் தம் ஆட்சி நடத்தலை விழைவோர் ஒருவகையினர். குபேரனையொத்த பொருளுடையராயிருந்தும் இரசவாதம் நாடி உழல்வோர் மற்றொரு வகையினர். நெடுநாள் வாழ்ந்தும் காயகற்பந் தேடி உளம் வருந்துவோர் மூன்றாம் வகையினர். அரசும் பொருளும் ஆயுளும் நிரம்பப் பெற்றவரே இவர் யாவரும். இல்லாதவன் ஒருவனும் ஈண்டுச் சுட்டப்பட்டிலன். பசித்தவன் சோறு வேண்டுதலை அடிகள் இகழ்ந்திலர்; உண்டு நிரம்பியவன் பின்னும் ஓடுதலையே இகழ்ந்தனர். ஆகலின், இப்பாட்டைக் காட்டிக் கூலியாளின் ஊதியத்தைக் குறைப்பான் ஒருவனிருப்பின், அவன் பாட்டின் பொருளைத் தலைகீழாக்கியவனே யாவன்.

அற்றேல், கடலையும் ஆள விழைதல் என்பது வெறும் உயர்வுநவிற்சியோ எனின், அன்று. சேதுநாட்டுக் கரையில் வாழ்வோர்க்கு அஃது எளிதின் விளங்கும். 16-ஆம் நூற்றாண்டிற் போர்த்துகேசியர், தம் அனுமதிச்சீட்டின்றிக் கடலிற் கலஞ் செலுத்தலாகாது என விதித்தனர். 1658-இல் தூத்துக்குடியையும் மன்னாரையுங் கைக்கொண்ட ஒல்லாந்தர் முத்துக்குளிப்பின்மேல் ஆதிக்கஞ் செலுத்தினர். அடிகள் வாழ்ந்த 18-ஆம் நூற்றாண்டிலும் அந்நிலை நீடித்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரிடத்தைப் பற்றிய ஆங்கிலக் கும்பினியார், 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியை அரசினின்றும் நீக்கினர். மண்ணாள்வோர் கடலை விழைவர் என்றார் அடிகள். கடல்வழி வந்தோர் மண்ணை விழைந்தமையை இக்கரை கண்டது. திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரண்மனையில் அலுவல் பார்த்து, அதனை நீத்து, இராமநாதபுரத்தில் அடக்கங்கொண்ட அடிகட்கு, அரசர்தம் ஆசை கேள்வியறிவன்று, கண்டறிந்ததே.

மேலைநாட்டிலோ ஆசையைப் பற்றிய எண்ணம் காலந்தோறும் வேறுபட்டு வந்தது. இடைக்காலத்துக் கிறித்தவச் சான்றோர் பொருளாசையைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக வைத்தனர். 1714-இல் வெளிவந்த 'தேனீக்களின் கதை' என்னும் நூலில், தனியொருவர் குற்றங்களே பொதுநன்மையாய் விளையும் என்றார் மாண்டவில் என்பார். 1776-இல் ஆடம் சுமித்து என்னும் பொருணூலார், வணிகர் தத்தம் நலங்கருதிச் செய்யுந் தொழிலே பிறர்க்கும் உணவளிக்கின்றது என்றார். ஆயினும் கும்பினியாரின் தனியுரிமை வாணிகத்தையும் வங்காளத்தில் அவர் நடத்திய ஆட்சியையும் அந்நூலிலேயே அவர் கடிந்தனர். தன்னலம் வேறு, வரம்பிகந்த ஆசை வேறு என்பது இதனாற் போதரும். வள்ளுவனாரும் பொருள்செயல்வகைக்கு ஓரதிகாரமும் வெஃகாமைக்கு ஓரதிகாரமும் தனித்தனி வகுத்தமை நோக்குக. ஆகவே, நேரிய ஊதியம் நாடும் வணிகனைச் சைவர் இகழவேண்டுவதில்லை.

இனி, அவ்வரம்பைக் கட்டுவது யாது? போட்டியும் சட்டமும் என்பர் பொருணூலார். அவை வேண்டுவனவே, பாட்டுச் சட்டமாகாது. ஆயினும் அவை செயலைத் தடுக்குமேயன்றி வேட்கையைத் தணிக்கமாட்டா. அடிகள் பாட்டின் பிற்பகுதியில், 'நான்' என்னும் பிதற்றலையும், ஒன்றை விடுத்து மற்றொன்றைப் பற்றுதலையும் எடுத்துக்காட்டி, பாசமென்னுங் கடலில் வீழாதவாறு காத்தருள வேண்டுகின்றனர். முதற்கண் ஆள விழைந்த கடலே இறுதிக்கண் வீழுங் கடலாயிற்று. ஆசையின் வேர் ஆணவம் என்று காட்டியவாறு இஃது. இன்னும் ஒன்று: பிறரைச் சுட்டித் தொடங்கியவர் தமக்கே இரந்து முடிக்கின்றனர். மன்னனையும் செல்வனையும் பழித்துத் தாம் ஒதுங்கிநிற்கும் உரிமையை அடிகள் தமக்கு வழங்கிக்கொள்ளவில்லை. கற்பார்க்கும் அவ்வுரிமை இல்லை.

இறைவனை யாண்டும் இடைவெளியின்றி நிரம்பிய பேரின்பமாக விளித்துப் பாட்டு முடிகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் சித்தாந்தம். குறையுடைய பொருளைச் சாரின் குறையே பெருகும். நிறைவைச் சாரின் நிறைவெய்தும். எனவே, ஆசையறுத்தல் என்பது சார்பினை மாற்றுதலேயாம் என்க.

இராமேச்சுரஞ் செல்லும் அன்பர்கள் இடைவழியில் இராமநாதபுரத்து அடிகள் அடக்கத்தை வணங்கிச் செல்வார்களாக. அக்கினி தீர்த்தத்தில் மூழ்குங்கால் இவ்விரு கடலையும் நினைப்பார்களாக.

சிவம்.