கம்பியோரம் நின்று பார்க்கும் கால்பந்து

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு அடுக்குகளில் 92 அணிகள். அவற்றுக்குக் கீழே விரிவது ‘நான்-லீக்’. எனக்குப் பிடித்தது அந்த உலகம்தான். இந்தச் சின்ன அணிகளும் பெரிய அணிகளும் சேர்ந்தே ஆடும் எஃப்.ஏ. கோப்பையின் ஆரம்பச் சுற்றுகள் ஆகஸ்டிலேயே சின்ன ஊர் மைதானங்களில் தொடங்கிவிடும். பல இடங்களில் ரசிகர்கள் இடைவேளையில் தேநீரும் கையுமாக எதிர்முனைக்கு நடப்பார்கள். தம் அணி கோல் அடிக்கப்போகும் வலைக்குப் பின்னால் நிற்கவேண்டுமே! ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் பந்து காலில் படும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். அவர்களில் பலர் வாரநாளில் வேறு வேலை பார்ப்பவர்கள். குளிர்காலச் சேற்றால் தள்ளிப்போன ஆட்டங்கள் ஏப்ரலில் வரிசைகட்டும். களைத்த கால்களோடும் ஓடுவார்கள். 1989இல் எஃப்.ஏ. கோப்பையில், அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனைச் சேர்ந்த கவென்ட்ரியை 2-1 என வீழ்த்திய சட்டன் யுனைடெட் இந்த உலகத்து அணிதான். லண்டன் போனால் சாம்பியன் ஹில் மைதானத்தில் நான்-லீக் அணியான டல்விச் ஹாம்லெட் ஆடுவதைப் பாருங்கள்.