தோல் தொழில் வட்டாரத்தில் வரலாறு கற்பித்தல்: ஒரு மதிப்பீடு

2002இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலிருப்போரும் வரலாறு பயில வழிவகுத்தது. எனினும், அச்சுப்பாடமும் எழுத்துத்தேர்வும் கொண்ட தொலைநிலைக் கல்வியில் கற்பவரின் அனுபவம் வரலாற்றுச் சான்றாவது அரிது. வேலூர் என்றால் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியே முதன்மை பெறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளர்களோ வேறொரு வரலாற்றின் சாட்சிகள். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டபின் ஆவாரம்பட்டைப் பதனிடல் குறைந்து குரோமியப் பதனிடல் பெருகியது. பாலாற்று நிலத்தடிநீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியோரே ஈடுசெய்ய வேண்டுமென 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் தொழிலாளர், உழவர் வாய்மொழிகளோடு ஒப்பிட்டு, இரண்டையும் ஐயுற்று ஆராயப் பயிற்றுவதே வாழ்நாள் கற்றலுக்குரிய வரலாற்றுப் பாடம். மாற்றத்தைக் கண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டதால் இதனைத் தள்ளிப்போட இயலாது.