பென்னி வருவதற்கு முன்

உள்ளங்கைக்குள் அடங்குகிற ரெகார்டர் ஒன்றை எதிர் நாற்காலியில் வைத்து, இரண்டு வருஷமாக என் கிதார் அப்பியாசத்தைப் பதிந்து வருகிறேன். நான் வாத்தியக்காரன் இல்லை. நாற்பது வயதுக்குமேல் கற்க ஆரம்பித்தவன். நேற்றுச் செய்த தவறை விரல் இன்றும் செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு. வாசிக்கும்போது காது தன் ஆசையைத்தான் கேட்கிறது; வாசித்தது மறுநாள்தான் கேட்கிறது. சென்ற மாதம் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் அவற்றில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஏ-யில் ஒரு ப்ளூஸ், மூன்று நிமிஷம். "எப்ப இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் ஒருவர். நான் பேசாமலிருந்தேன். அந்த மூன்று நிமிஷம் எந்த இரவிலும் என் அறையில் நிகழவில்லை. மூன்று வெவ்வேறு இரவுகளின் பதிவுகளை வெட்டி, ஏழு துண்டுகளாக ஒட்டியது அது. நான் பேசாமலிருந்ததைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

காரியம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவின் உச்சம் அளவுகோலின் மேல்விளிம்பைத் தாண்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்டது பிறகு அப்படியே முளைக்காது. அந்தப் பயத்தில் நான் தாழ்த்தியே பதிகிறேன். என் உச்சங்கள் விளிம்புக்கு 30 டெசிபல் கீழே கிடக்கின்றன. 16 பிட் பதிவில் ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்று கணக்கு. ஆக ஐந்து பிட்டைப் பயத்துக்குத் தாரை வார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் 30 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் ஏறக்குறைய 32 மடங்காகிறது. கிதார் ஏறுகிறது. கூடவே மின்விசிறி ஏறுகிறது, தெருவில் போகும் ஆட்டோ ஏறுகிறது, நாற்காலியின் முனகலும் என் மூச்சும் ஏறுகின்றன. கிதாருக்கும் விசிறிக்கும் இடையிலிருந்த விகிதம் அணுவளவும் மாறுவதில்லை. உரக்கச் சொல்வதால் ஒன்று தெளிவாகிவிடுகிறது என்ற நம்பிக்கை இலக்கியத்தில் மட்டும் இருப்பதல்ல.

ஒரு பதிவில் என் முழங்கை கிதாரின் உடலில் இடித்த சத்தம்தான் உச்சம். அதை வெட்டி எறியாதவரை மற்ற எதையும் மேலே ஏற்ற முடியவில்லை. வெட்டினேன். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அடுத்தது ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விசிறி மோட்டாரின் ரீங்காரம் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் வந்து படிகிறது. கிதாரின் ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் விழும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தை வடிகட்டினால் ஜி இளைத்துப்போகிறது. இரைச்சலைக் கழிப்பதற்கென்று வேறொரு கருவி இருக்கிறது. யாரும் வாசிக்காத இரண்டு விநாடியை மாதிரியாகக் காட்டினால், அதை முழுப் பதிவிலிருந்தும் கழித்துத் தருகிறது. கொஞ்சம் அதிகப்படி கழித்தால் கிதார் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கொப்புளிக்கிறது. தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலியும் போய்விடுகிறது. அது போனபின் கேட்டால், கை இல்லாமல் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது.

பிறகு ஒட்டுதல். கிதாரில் மீட்டிய ஸ்வரம் மீட்டிய கணத்திலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. ஆகவே வெட்ட வேண்டிய இடம் அடுத்த மீட்டலுக்குச் சற்று முன். புதிய மீட்டலின் வேகம் தழும்பை மறைத்துவிடும். இரு துண்டுகளையும் சில மில்லி விநாடிகள் ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டால் 'டிக்' என்ற சத்தமும் வராது. எதை மறைக்க முடிவதில்லை என்றால், முந்தைய ஸ்வரத்தின் மிச்சத்தை. புதிய ஸ்வரத்தின் அடியில் அது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் அதற்குப் பதிலாக வேறொரு இரவின் மிச்சம் ஒலிக்கிறது. என் நண்பர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

விஷயத்தை ஒருவரிடம் சொன்னபோது, "கேட்பவனுக்கு வேண்டியது இசை, உங்க வாக்குமூலம் இல்லை" என்றார். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. க்ளென் கூல்ட் 1964-இல் கச்சேரி மேடையை விட்டு விலகியவர். பதிவின் எதிர்காலம் பற்றி 1966-இல் எழுதிய கட்டுரையில், பாஹின் ஏ மைனர் ஃப்யூக் ஒன்றை இரண்டு டேக்குகளிலிருந்து வெட்டி ஒட்டியதை அவரே பகிரங்கமாகச் சொல்கிறார். ஆறாவது டேக்கும் எட்டாவது டேக்கும். இரண்டும் தனித்தனியே முழுமையானவை, ஆனால் மனநிலை வேறு. ஒன்று விறைப்பு, மற்றது துள்ளல். இரண்டையும் சேர்த்தபோது தனியே எதிலும் இல்லாத ஒரு வடிவம் கிடைத்தது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நண்பர் பார்க்கத் தவறுவது இது: கூல்டின் ஒட்டு மிகுதியிலிருந்து வந்தது. ஃப்யூக்கை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு விதமாக வாசிக்க முடிந்தவன் இரண்டுக்கும் நடுவே தேர்வு செய்தான். என் ஒட்டு இல்லாமையிலிருந்து வந்தது. ஒன்பதாவது பாரில் என் விரல் தடுக்கும். மூன்று இரவும் தடுக்கியது. தடுக்காத அரை பார் நாலாவது முயற்சியில் தற்செயலாக விழுந்தது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. சார்லி கிரிஸ்டியன் 1916-இல் டெக்ஸஸில் பிறந்து, 1942 மார்ச் 2-இல் காசநோயால் இறந்தார். வயது 25. மின்சாரத்தால் பெருக்கப்பட்ட கிதாரை டிரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் சமமாக உட்கார்ந்து பேசவைத்தவர்களில் அவரே பெரியவர். அதுவரை பெரிய வாத்தியக் குழுக்களில் கிதார் பெரும்பாலும் தாளத்துக்குள் அமுங்கிக் கிடந்தது. பென்னி குட்மனின் செக்ஸ்டெட் 1940 டிசம்பரிலும் 1941 ஜனவரியிலும் 'பிரேக்ஃபாஸ்ட் ஃப்யூட்' என்ற உருப்படியைப் பல டேக்குகள் பதிந்தது. ஒவ்வொன்றிலும் கிரிஸ்டியன் வேறு வேறாக வாசித்திருக்கிறார். 1955-இல் கொலம்பியாவின் எல்.பி. ஒன்றுக்கு இவற்றைத் தொகுத்தபோது, ஜார்ஜ் அவாக்கியன் தரப்பினர் வெவ்வேறு டேக்குகளின் கிதார் தனி ஆவர்த்தனங்களை வெட்டி ஒரே உருப்படிக்குள் வரிசையாக ஒட்டினார்கள். கேட்டால் கிரிஸ்டியன் விடாமல் பொழிகிறார். அற்புதம்தான். ஆனால் அன்றைய எந்த மேடையிலும் குட்மன் அவருக்கு அவ்வளவு இடம் கொடுத்ததாக இந்தப் பதிவை வைத்துச் சொல்லக்கூடாது. அவாக்கியன்கள் செய்தது விமர்சகனின் வேலை, மேற்கோள் தொகுப்பு. தொகுப்பு என்று பெயரிட்டால் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு வாசிப்பு என்று கேட்பவன் நம்பும்போது, அடுத்த தடவை என்ன செய்வதென்று ஒவ்வொரு டேக்கிலும் புதிதாக யோசித்த ஒரு மனம் காணாமல் போகிறது. ஒரே மூச்சில் எல்லாம் தெரிந்த ஒருவன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். செத்துப்போனவனுக்கு இதை மறுக்க வழியில்லை.

அதே எல்.பி.யில்தான், வேடிக்கையாக, நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. 1941 மார்ச் 13 அன்று குட்மன் ஸ்டூடியோவுக்கு வரத் தாமதமாயிற்று. மற்றவர்கள் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டி வில்லியம்ஸ் டிரம்பெட், ஜார்ஜி ஆல்ட் சாக்ஸஃபோன், ஜானி கார்னியேரி பியானோ, டேவ் டஃப் டிரம்ஸ். பதிவு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 'வெய்ட்டிங் ஃபார் பென்னி' என்று பிறகு பெயர் வைத்தார்கள். எடுப்பு, முடிப்பு எதுவும் கிடையாது. கிரிஸ்டியன் அவசரமில்லாமல், யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லாத ஒருவராக, ஒரு யோசனையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார். மற்றவர்கள் நடுவில் புகுகிறார்கள். கடைசியில் கூட்டி வில்லியம்ஸ் ஒரு சின்ன ரிஃபைத் தட்டிப் பார்க்கிறார். அன்றே பென்னி வந்தபின் பதிந்த 'எ ஸ்மூத் ஒன்' அந்த ரிஃப்தான். முறையான பதிவு மூன்று நிமிஷத்தட்டுக்கு அளந்து தைத்த சட்டை. நான் திரும்பத் திரும்பக் கேட்பது காத்திருப்பைத்தான்.

இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில், ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்தில், ஜெர்ரி நியூமன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் தூக்கிச் செல்லக்கூடிய தட்டுப் பதிவு எந்திரம் ஒன்றைக் கொண்டு கிரிஸ்டியனைப் பதிந்தார். 'டாப்ஸி' என்ற உருப்படி. பின்னால் 'ஸ்விங் டு பாப்' என்று புதுப்பெயரில் வெளிவந்தது. கதவைத் திறந்ததும் வாசிப்பின் நடுவில்தான் விழுகிறோம். கிரிஸ்டியன் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். முன்னால் போனது போனதுதான். அதை ஒட்டித்தர எந்த அவாக்கியனாலும் ஆகாது. கரகரப்பு இருக்கிறது, ஜனங்களின் சத்தம் இருக்கிறது. குட்மனிடம் ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டியிருந்ததை இங்கே கோரஸ் கோரஸாக நீட்டுகிறார். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். வாக்கியம் எங்கே முடியவேண்டுமோ அங்கே முடிக்காமல் அடுத்த பாருக்குள் தள்ளிக்கொண்டு போகிறார். பத்து மாதத்தில் ஆள் இல்லை.

இதையெல்லாம் ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. கம்ப்ரெஸர் என்று ஒரு கருவி. உரத்ததை அழுத்தி, மிச்சம் முழுவதையும் தூக்கிவிடும். எல்லா ஸ்வரமும் ஒரே பலத்தில் காதில் மோதும். முதல் கேட்பில் பிரமிப்பு, மூன்றாவதில் களைப்பு. சமீபமாக நாம் அச்சிடும் கவிதைகளில் இந்தக் கருவியின் வேலையைப் பார்க்கிறேன். வரிக்கு வரி படிமம், எல்லாம் உச்சத்தில். சாதாரணமாக ஒரு வரி, அடுத்ததற்காகக் காத்திருக்கிற ஒரு வரி, வெட்டப்பட்டிருக்கிறது. பிறரைச் சொல்வானேன். மூன்று வருஷம் முன்பு வெளியாகி, நண்பர்கள் சிலர் இன்னும் குறிப்பிடுகிற என் கவிதை ஒன்று, முடிக்க முடியாத மூன்று கவிதைகளின் நல்ல வரிகளை ஒட்டியது. ஒன்பதாவது வரியில் தழும்பு இருக்கிறது. முந்தைய வரியின் மிச்சம் அங்கே ஒலிக்கவில்லை. அதைப் பாராட்டியபோதும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

போன வாரம், கேள்வி கேட்ட நண்பருக்கு வெட்டாத பதிவு ஒன்றை அனுப்பிவைத்தேன். ஒலியை மட்டும் கூட்டியிருக்கிறேன். முழங்கை இடித்ததை எடுத்திருக்கிறேன். ஒன்றரை நிமிஷம் போனதும் வாசிப்பு நிற்கிறது. "ச்சே" என்று என் குரல். ஏழெட்டு விநாடி விசிறி. பிறகு ஒன்பதாவது பார், மெதுவாக, நாலு தடவை. அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.