தாத்தாவுக்குச் சாட்சி யார்?

வம்சாவளி எழுதுறது ஏதோ செத்துப்போன தாத்தாக்களை நினைச்சுப் பார்க்கிற நல்ல காரியம்னு நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவ்வளவு சாதுவான காரியமில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்று தீர்மானிக்கிற காரியம் அது.

பொன்னமராவதிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் நகரத்தார் ஊர்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கோயிலிலிருந்தும் பெண் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். கல்யாணம் பதிவானால் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு வரி உண்டு, கோயிலில் உரிமையும் உண்டு. அந்த ஏட்டை ஒரு பிரதியாக வாசித்தால், ‘எங்கள் தாத்தா இன்னார்’ என்ற வரிக்கு அடியில் ‘நீ எங்களில் ஒருவன் இல்லை’ என்ற வரியும் ஓடுகிறது.

இது இங்கே மட்டும் நடக்கிற கூத்தும் அல்ல. அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற சங்கம் 1890இல் தொடங்கியது. புரட்சிக்கு உதவிய ஒருவரின் வழிவந்தவள் என்று தலைமுறை தலைமுறையாகக் காகிதம் காட்டினால்தான் உறுப்பினர் ஆகலாம். கறுப்பினப் பெண் ஒருவர் அதில் உறுப்பினராக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கே போய்க் காகிதம் தேடுவார்கள்? 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் எசமானின் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும்தான். பெயர் அநேகமாக இருக்காது.

நம் கதைக்கு வருவோம். எங்க அப்பாயியோட தம்பி கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் அநேகம். போனவர்களில் பெரும்பகுதி நம் சனம். போனவர்களுக்கும் ஆவணம் இருந்தது, இல்லாமல் இல்லை. கழுத்தில் தோட்டத்து எண் பொறித்த தகரத் துண்டு. தோட்டம் மாறினால் கடன் தொகை எழுதின ‘துண்டு’. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அவர்களுக்குப் புள்ளி, நமக்குத் துண்டு. அதில் நமது தாத்தா ஒரு பாக்கித் தொகை.

1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்தார் என்று காட்டு, இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் போய்ப் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டது. ஆண்வழி மட்டும்தான் கணக்கு. கொழுந்து பறித்த பெரும்பாலான கைகள் பெண்களுடையவை. சட்டத்தின் வம்சாவளியில் அம்மா இல்லை, அப்பாயி இல்லை, அம்மாயி இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள்.

அந்தக் கணக்கில் திரும்பி வந்த குடும்பம்தான் எங்க சின்னத் தாத்தாவுடையது. அவர் பேரன் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். “ஒங்க தாத்தா இந்த ஊருதான்னு என்ன ஆதாரம்?”னு கேட்டாங்க. அவன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து சொன்னான்: “அண்ணே, அங்க ‘ஒங்க தாத்தா இங்க பொறந்தாரா’ன்னு கேட்டாங்களாம். இங்க ‘ஒங்க தாத்தா இங்கதானா’ன்னு கேக்குறாங்க. அந்த மனுசன் எங்கதாண்ணே இருந்தாரு?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த வம்சாவளி இலக்கியமும் நமக்கு இலக்கியமில்லை. நான் நம்மவர்கள் எழுதுகிற குலவரலாற்றுப் புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ‘நாங்களும் ஆண்ட பரம்பரை’ என்று எழுதுகிறார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டவன் பேரனுக்குத்தான் மானம் உண்டு என்ற எதிரியின் விதியை ஒத்துக்கொண்ட பிறகுதான் அப்படி எழுத முடியும். நம்மை வாசலில் நிறுத்திய அதே ஏட்டின் வடிவத்தைக் கடன் வாங்கி அதில் நம் பெயரை நிரப்புகிறோம். அந்த ஏட்டில் அடிமையாக விற்கப்பட்டவளுக்கு இடமில்லை, கடனாளிக்கு இடமில்லை, ஓடிப்போனவனுக்கும் இடமில்லை. அவர்களை விட்டுவிட்டால் மிச்சம் யார் நம் முன்னோர்?

அண்ணல் அம்பேத்கரும் நம் பூர்வீகத்தைத் தேடினார். 1948இல் வந்த ‘தீண்டப்படாதோர் யார்?’ என்ற நூலில் அவர் கண்டெடுத்தது ராஜாக்களை அல்ல; தோற்றுச் சிதறிய மனிதர்களை. அந்த நூலை அவர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் தமிழ்நாடு, ஒருவர் காசி, ஒருவர் மராட்டியம். மூவருக்கும் இடையில் ரத்த உறவு கிடையாது. பட்ட அவமானமும் அதைத் தாண்டி நின்ற நிலையும்தான் உறவு. எந்தக் கோயில் மாலையும் வராத வம்சம் அது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. அதில் குலப்பெருமை இல்லை, தெருவும் பசியும் பாட்டியும் இருந்தார்கள். நம் வம்சாவளி அங்கேதான் ஒழுங்காகத் தொடங்கியது என்பேன்.

தோழர்களே, மாணவர்களே, வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பாயிகள், அம்மாயிகள் உயிரோடு இருக்கும்போதே போய் உட்காருங்கள். யாருடைய வயலில் நட்டாங்க, யாருக்கு எவ்வளவு கடன், எந்தத் தோட்டத்துக்குப் போனாங்க, யார் திரும்பி வரலே, எல்லாத்தையும் அவங்க சொல்ற பேச்சிலேயே எழுதுங்க. ஊர்ப் பெயரோடு, வருசத்தோடு எழுதுங்க. எந்தச் சங்கத்திலும் சேர்வதற்காக அல்ல. நாளைக்கு ஒரு பேரன் எங்காவது நின்றுகொண்டு “அந்த மனுசன் எங்கதான் இருந்தாரு?” என்று கேட்டால், எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். அதை நாமே எழுதியிருக்க வேண்டும்.