ஒற்றுமைக்கு அப்பால்: தேர்வறையில் கம்பரும் உமறும்

இரு இலக்கியங்களை ஒப்பிட்டு எழுதச் சொல்வது தமிழ்த் தேர்வுகளில் வழக்கமான வினாவே. கம்பராமாயணமும் சீறாப்புராணமும் அவ்வாறு அருகருகே வைக்கப்படும்போது, விடைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. இரண்டிலும் நாட்டுப்படலம் உண்டு. இரண்டிலும் மழை, ஆறு, நெல்வயல் உண்டு. எனவே உமறுப்புலவர் கம்பரைப் பின்பற்றினார். இவ்விடை மதிப்பெண் பெற்றுத் தரலாம். ஆயினும் 3 காண்டங்களும் 92 படலங்களும் கொண்ட காப்பியத்தை யாத்த 17ஆம் நூற்றாண்டுப் பெரும்புலவரை அது நகலெடுப்பவராகச் சுருக்கிவிடுகிறது.

ஒற்றுமையைக் கண்டவுடன் மாணவர் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: அரபு நாட்டில் நெல்வயல் எங்ஙனம் வந்தது? மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்பது இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் இறைஞ்சலில் இடம்பெறுவதைத் திருக்குர்ஆன் (14:37) எடுத்துரைக்கிறது. மார்க்கக் கல்வியுடைய சான்றோரிடம் பொருள் கேட்டுக் காப்பியம் பாடிய உமறு இதனை அறியாதவர் அல்லர். நாடும் நகரும் புனைந்துரைக்கப்பட வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் பெருங்காப்பிய இலக்கணம். அம்மரபின் வழிநின்று, தமிழர் வளம் என்று எதனை அறிந்திருந்தனரோ அதனையே நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த மண்ணுக்கு அவர் சூட்டினார்.

இதனை உணர்வது மாணவர்க்கு அரிதன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் தம் ஊரின் பெருமையை இங்குள்ளோர்க்கு விளக்க முற்பட்டால், கேட்போர் அறிந்த ஏரியையும் ஆரணியாற்றையும் துணைகொண்டே விளக்க நேரும். காணாத நிலத்தைக் கண்ட நிலத்தால் உணர்த்தும் இவ்வழியே உமறு கையாண்டதும்.

வேற்றுமை மேலும் துலங்குமிடம் மான். கம்பரின் மாரீசன் வதைப் படலத்தில் பொன்மான் பொய்யுரு. அதன்மேல் எழுந்த ஆசை பிரிவில் முடிகிறது. உமறு பாடும் மானுக்குப் பிணை நின்ற படலத்தில், வேடனிடம் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. நபிகளார் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி மீள்கிறது. வேடன் உள்ளம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகிறான். அங்கே மான் வஞ்சனையின் வடிவம். இங்கே வாய்மையின் வடிவம். 'இரண்டிலும் மான் வருகிறது' என்று எழுதி நிறுத்தும் மாணவர் இரு காப்பியங்களையும் இழக்கிறார்.

ஆசிரியர் வினாவைச் சற்றே மாற்றி அமைத்தாலும் போதும். 'ஒற்றுமைகளை எழுதுக' என்பதற்கு மாற்றாக, 'ஒன்றுபோல் தோன்றும் ஓரிடத்தை எடுத்து, அங்கே இரு புலவரும் எதன்பொருட்டு வேறுபடுகின்றனர் என விளக்குக' என்று கேட்கலாம். மனப்பாடம் செய்த பட்டியல் அவ்வினாவுக்கு உதவாது. மாணவர் பாடலிடமே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும். கம்பருக்கும் உமறுக்கும் அதுவே நாம் செய்யத்தக்க நீதி.